24 மணி நேரம் குளிக்கக் கூடாதாம்

தீபாவளிக்கு முந்தின நாள், இரவு எட்டு மணி. சிங்கப்பூர், ஈசூனில் ஒரு வீவக அடுக்குமாடி புளோக்கின் ஏழாவது மாடி. தாழ்வாரம் முழுக்க முறுக்கு வாசனை. பார்வதி அக்கா வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, கிரில் கேட் மட்டும் சாத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டு வனிதா லிஃப்டிலிருந்து இறங்கி, பூனை மாதிரி நடந்து வந்து, சாவியைச் சத்தமில்லாமல் எடுக்கிறாள். அக்காவுக்கு ஒரு கண் எண்ணெய்ச் சட்டியில் என்றால் இன்னொரு கண் எப்போதும் தாழ்வாரத்தில் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன, இருந்தாலும் ஒரு முயற்சி.

பார்வதி: ஏய் வனிதா, வா இங்கே. உன் வீட்டுக்காரர் மூன்று தடவை வந்துவிட்டார், "அக்கா, வெல்லத்தை எங்கே வைத்தாள்" என்று. தேக்காவுக்குப் பூ வாங்கப் போகிறேன் என்று சொல்லித்தானே மூன்று மணிக்குக் கிளம்பினாய்?

வனிதா: பூ வாங்கிவிட்டேன் அக்கா, பஃபலோ ரோட்டில் கால் வைக்க இடமில்லை. (குரலைத் தாழ்த்தி) அதற்கு முன்னால் இன்னொரு இடத்துக்கும் போனேன். யாரிடமும் சொல்லாதீர்கள். பிராணிக் ஹீலிங்.

பார்வதி: பிராணியா? நாய் பூனைக்குப் பார்ப்பார்களே, அதுவா?

வனிதா: பிராணி இல்லை அக்கா, பிராணன்! நம் உடம்பைச் சுற்றி ஒரு சக்தி இருக்கிறதாம், அதில் அழுக்குச் சேர்ந்துவிடுமாம். தொடாமலே கையை இப்படி வீசி வீசி வழித்தெடுத்து, பக்கத்தில் இருக்கிற உப்புத் தண்ணீரில் உதறிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம். தீபாவளிச் சிறப்புக் கட்டணம், 180 வெள்ளி.

பார்வதி: (கரண்டியைக் கீழே வைத்துவிட்டு) எவ்வளவு?

வனிதா: மற்ற நாளில் 220 அக்கா.

பார்வதி: ஓ, அப்படியென்றால் 40 வெள்ளி சம்பாதித்துக்கொண்டு வந்திருக்கிறாய். போன மாதம் உன் சின்னவன் சாப்பிடாமல் அழுகிறான் என்று உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட வந்தேனே, அப்போது என்ன சொன்னாய்? "இதெல்லாம் எந்தக் காலத்தில் அக்கா" என்றாய். இதுவும் அதே உப்புதானே?

வனிதா: அது வேற அக்கா. இவர்கள் மிளகாய் போடுவதில்லை.

பார்வதி: காரம் இல்லாததற்கே 180!

வனிதா: கிண்டல் பண்ணாதீர்கள். இதைப் பரப்பியவர் சோவா கோக் சுயி என்று ஒரு பிலிப்பீன்ஸ் சீனர், கெமிக்கல் இன்ஜினியர். நாம் ஏழு சக்கரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவர் கணக்கில் முக்கியமான சக்கரங்களே பதினொன்று. மண்ணீரலுக்குக்கூட ஒன்று உண்டு.

பார்வதி: ஏழு எப்படிப் பதினொன்று ஆனது? ஜிஎஸ்டி போட்டார்களா?

வனிதா: ஜிஎஸ்டி 9 சதவீதம்தானே அக்கா, அதைப் போட்டாலும் ஏழரைதான் வரும்.

பார்வதி: ஏழரையா? அப்போது சரியாகத்தான் பிடித்திருக்கிறது உன்னை. சரி, உள்ளே வந்து உட்கார். நாளைக்கு உன் மாமியார் எத்தனை மணிக்கு எண்ணெய் வைக்க வருகிறார்?

வனிதா: (உட்காராமல்) அதுதான் அக்கா பிரச்சினை. ஹீலிங் முடிந்ததும் 24 மணி நேரம் குளிக்கக் கூடாதாம். குளித்தால் ஏற்றிய சக்தி கழுவிக்கொண்டு போய்விடுமாம்.

(சட்டியில் முறுக்கு சிவந்துகொண்டிருக்கிறது. அக்கா கவனிக்கவில்லை. முப்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை.)

பார்வதி: குளிக்கக் கூடாதா? தீபாவளி அன்றைக்கா? ஊரே "கங்கா ஸ்நானம் ஆச்சா" என்று கேட்குமே, நீ என்ன சொல்வாய்? "இல்லை, ஆறு மணி வரை வாரண்டி இருக்கிறது" என்பாயா?

வனிதா: மாமியார் விடிகாலை நாலரைக்கே நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பார் அக்கா. போன வருடம் காய்ச்சல் என்றேன், அப்படியும் விடவில்லை. உங்களுக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரியுமே.

பார்வதி: (கொஞ்ச நேரம் யோசித்து, தீயைக் குறைத்து) தண்ணீர்தானே படக் கூடாது? உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயை நன்றாக, கெட்டியாகத் தடவு. எண்ணெய் மேல் தண்ணீர் ஒட்டுமா? வழிந்து போய்விடும். உன் 180 வெள்ளி உள்ளேயே இருக்கும். சீயக்காய் மட்டும் அளவோடு போடு, அதிகம் தேய்த்தால் சக்கரம் ரெண்டு கழன்றாலும் கழன்றுவிடும்.

வனிதா: அக்கா, நீங்கள் மட்டும் ஒரு கிளாஸ் ஆரம்பித்தால் நான்தான் முதல் ஆள். வீட்டில் என் பொண்ணு வேற மானத்தை வாங்குகிறாள். தொடக்கநிலை நாலுதான் படிக்கிறாள். எங்கிருந்தோ படித்துவிட்டு வந்து சொல்கிறாள், அமெரிக்காவில் எமிலி ரோசா என்று ஒரு பொண்ணு, இவள் மாதிரியே நாலாம் வகுப்பில் அறிவியல் பாடத்துக்காக ஒரு சோதனை செய்ததாம். அங்கே தெரபியூட்டிக் டச் என்று ஒன்று, இதற்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, தொடாமல் கையாலேயே சக்தியைப் பார்ப்பார்களாம். அப்படிப் பார்க்கிற 21 பேரை, நடுவில் அட்டையை வைத்து மறைத்து, இரண்டு கையையும் இந்தப் பக்கம் நீட்டச் சொல்லி, "என் கை உங்கள் எந்தக் கைக்கு மேலே இருக்கிறது" என்று கேட்டிருக்கிறாள். மொத்தம் 280 தடவை. சரியாகச் சொன்னது 123. 1998-இல் பெரிய மருத்துவ இதழிலேயே போட்டுவிட்டார்களாம்.

பார்வதி: 280-இல் பாதி 140. குருட்டாம்போக்கில் சொன்னாலே அவ்வளவு வருமே.

வனிதா: அதைத்தான் அவளும் சொல்கிறாள். மைலோ அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு என்னையும் உட்கார வைத்தாள். பத்துக்கு நாலு.

பார்வதி: இவ்வளவும் தெரிந்துமா போனாய்?

(வனிதா பூப் பையை மேசையில் வைக்கிறாள். இதற்கு மட்டும் உடனே பதில் வரவில்லை.)

வனிதா: அங்கே போய்ப் படுத்தேன் அக்கா. ஏசி. மெல்லிசாக ஒரு போர்வை. மூன்று வாரமாக ஜன்னல் துடைத்து, திரைச்சீலை மாற்றி, தையல்காரரிடம் ரவிக்கைக்கு நாலு நடை நடந்து, ஆபீஸில் வேற வருடக் கடைசிக் கணக்கு... அங்கே ஒரு மணி நேரம் யாரும் "அம்மா, என் சாக்ஸ் எங்கே" என்று கேட்கவில்லை. அந்த அம்மா கையைத் தூக்கியது தெரியும், அப்புறம் என்னைத் தட்டி எழுப்பியதுதான் தெரியும். குறட்டை விட்டேனாம். நல்ல அறிகுறி என்றார், அடைப்பு திறக்கிறதாம்.

பார்வதி: மூக்கடைப்பு. என் தம்பி மகன் போன வாரம் தீமிதிக்கு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரை நாலு கிலோமீட்டர் நடந்து, பூக்குழி இறங்கி, மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனான். நீ படுத்ததற்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

(சொல்லிவிட்டு அக்கா முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக ஸ்டூலில் உட்காருகிறார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எண்ணெய் கொதிக்கிற சத்தத்தைக் கேட்கிறார்கள்.)

பார்வதி: தலையணை கொடுத்தார்களா?

வனிதா: கொடுத்தார்கள். முட்டிக்குக் கீழேகூட ஒன்று.

பார்வதி: முட்டிக்குக் கீழேயா... (யோசித்து) கையெல்லாம் வீச வேண்டாம், சும்மா படுக்க மட்டும் என்றால் என்ன கேட்பார்கள்?

வனிதா: அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை அக்கா.

பார்வதி: சரி, நீதான் பார்த்துவிட்டு வந்தாயே. நான் இந்த சோஃபாவில் படுக்கிறேன், நீ வீசு.

(வனிதா சிரித்துக்கொண்டே அக்காவின் காலுக்கு மேலே கையை வீசுகிறாள். மூன்றாவது வீச்சிலேயே குறட்டை. வனிதா நைசாக நகர்ந்து கிரில் கேட் வரை வந்துவிட்டாள்.)

பார்வதி: (கண்ணைத் திறக்காமல்) எங்கே போகிறாய்? அச்சில் மாவு நிரப்பித்தான் இருக்கிறது. ஒரு கையால் வீசிக்கொண்டே இன்னொரு கையால் ஒரு ஈடு போட்டுவிடு. எள் கருகாமல் பார்.