வெற்றி ரகசியத்துக்காகவா படிக்கிறோம்?
வாழ்க்கை வரலாறு வாசிப்பவர்கள் தேடுவது வெற்றியின் ரகசியத்தைத்தான் என்று, வாசிப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. தமிழறிஞர் உ.வே.சா.வின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. நான் இருக்கும் பெங்களூரில், அல்சூரில் உள்ள தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்துப் படித்தேன். மனதில் நிற்பது அவர் பெற்ற பட்டங்கள் இல்லை. 1880-இல் கும்பகோணத்தில், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் முன் அவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று படித்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். புத்தகம் கிடைத்தால் படித்துவிடுவேன் என்று தைரியமாகச் சொன்னவர், அது கைக்கு வந்ததும் பொருள் புரியாமல் திணறுகிறார் பாருங்கள், எந்த நாவலுக்கும் குறைந்ததில்லை அந்தப் பகுதி. 1887-இல் அதே நூலை அவர் பதிப்பித்தார் என்பது முன்பே தெரிந்திருந்தும் அடுத்து என்ன ஆகுமோ என்று பக்கத்தைப் புரட்ட வைக்கிறது. அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர் படப் புத்தகமெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் வரைதான் என்கிறார். நாலாவது படிக்கிற என் மகள் கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் வாசிப்பாள். இருந்தாலும் இங்குள்ள பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் படக்கதைகளை விடுவதில்லை. கதையில் பேச்சே இல்லாத ஒரு பூனை ஒவ்வொரு படத்திலும் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்க்காமல் நகர மாட்டாள். நான் அவசரப்பட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் சண்டைதான்.