விசுவாசம் இல்லாதவனின் கிறிஸ்துமஸ்

"கடவுள் நம்பிக்கையே இல்லாத உங்களுக்குக் கிறிஸ்துமஸ் எதற்கு?" என்று டிசம்பர் பிறந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். இந்த ஆண்டு கேட்டவர் என் நெருங்கிய நண்பர், ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. அவர் குரலில் கேலி இல்லை, வருத்தம் இருந்தது. அதனால்தான் நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

மத்தேயுவும் லூக்காவும் இயேசுவின் பிறப்பைச் சொல்கிறார்கள். எந்த நாளில் பிறந்தார் என்று சொல்லவில்லை. டிசம்பர் 25 என்ற நாளுக்கு உறுதியான பழைய சான்று 4ஆம் நூற்றாண்டு ரோமில்தான் கிடைக்கிறது. அதே நகரில் அதற்கு வெகுகாலம் முன்பே, டிசம்பர் 17இல் தொடங்கிய சாட்டர்னேலியா விழாவில் மக்கள் விருந்துண்டு, பரிசுகளைக் கைமாற்றிக்கொண்டார்கள். ஒன்றிலிருந்துதான் மற்றொன்று பிறந்தது என்று நான் வாதிடவில்லை. ஆண்டின் மிக நீண்ட இரவுகளில் விளக்கேற்றிக் கூடியிருக்கும் ஆசை எந்த ஒரு மதத்துக்கும் முந்தியது என்பதை மட்டுமே சொல்கிறேன்.

இந்த விழாவில் பக்தியைவிடக் கொண்டாட்டமே மிகுந்திருக்கிறது என்று கோபப்பட்டவர்களில் முன்னணியில் நின்றவர்கள் நாத்திகர்கள் அல்லர், தீவிரக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள். அவர்களுடைய செல்வாக்கு ஓங்கியிருந்த இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸைத் தடைசெய்தது. அமெரிக்காவில் பியூரிட்டன்கள் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் அது பொது விடுமுறையானதே 1958இல்தான். மறுபக்கம், மதத்தை ஒடுக்கிய சோவியத் அரசு அலங்கார மரத்தையும் ஒதுக்கிவைத்தது. ஆனால் 1935இல் அதையே புத்தாண்டு மரமாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. பக்தியின் பெயரால் தடுத்தவர்களாலும் பகுத்தறிவின் பெயரால் தடுத்தவர்களாலும் இந்த மகிழ்ச்சியை மக்களிடமிருந்து பிடுங்க முடியவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தி.

எனக்குக் கிறிஸ்துமஸ் தொடங்குவது பரண்மேல் இருக்கும் ஓர் அட்டைப்பெட்டியில்தான். சென்ற ஆண்டு கவனமாகச் சுற்றிவைத்த விளக்குச் சரம் எப்படியோ சிக்கலாகித்தான் வெளியே வரும். நானும் என் மகனும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பேசிக்கொண்டே முடிச்சுகளை அவிழ்ப்போம். ஆண்டு முழுவதும் என்னிடம் சொல்லாத சிலவற்றை அவன் அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவான். அந்த நேரத்துக்கு வேறொரு பெயர் வைக்கலாம்தான். ஆனால் பல கோடிப் பேர் ஒரே நாளில் வேலையை நிறுத்திவிட்டு வீடு திரும்புவதால் கிடைக்கும் அமைதியை நான் தனியாக உண்டாக்கிவிட முடியாது.

இயேசு பிறந்த தொழுவத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கடைத்தெரு மட்டுமே என்று நண்பர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது; வாங்கிக் குவிப்பதையே விழாவாக்குவது எனக்கும் பிடிக்கவில்லை. அவருக்குப் புனிதமானதை நான் விளையாட்டுப் பொருளாக்கவும் மாட்டேன். அவர் அழைத்தால் நள்ளிரவுத் திருப்பலிக்குச் சென்று கடைசி வரிசையில் அமர்வேன், எல்லோரும் எழும்போது எழுவேன். விசுவாசிகள் பெறும் புனித அப்பமான நற்கருணையை வாங்க மட்டும் செல்ல மாட்டேன். நம்பாததை நம்புவதுபோல் நடிப்பது அவருக்கும் எனக்கும் இழுக்கு.

இந்த ஆண்டும் 24ஆம் தேதி மாலை அவர் வீட்டில்தான் இருப்பேன். குடில் அமைக்க அவருடைய மகள் என்னை உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். வைக்கோல் பரப்புவதும் விளக்குகளை இணைப்பதும் என் வேலை. பாலன் இயேசுவின் சொரூபத்தை நள்ளிரவில் அவள் வைப்பாள்.