ஆமாம், அந்த ‘ஓசோன் அக்கா’ நான்தான்

ஓசோன் மாசு பற்றி நம் வாட்ஸப் குழுவில் நான் எழுதியதும், அதற்கு விழுந்த கேலியும் ஸ்கிரீன்ஷாட்டாக உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளைகளின் கிரிக்கெட் பயிற்சியைச் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து காலை ஆறுக்கு மாற்றலாமா? பயிற்சியை நிறுத்தச் சொன்னேனா? அமெரிக்காவின் இந்தப் பீனிக்ஸ் நகரத்தையே காலி பண்ணச் சொன்னேனா?

“வானம் பளிச்சுனு நீலமா இருக்கே, புகை எங்கேக்கா?” என்று ஒரு தம்பி. அதற்கு இருபது சிரிப்பு.

புகை இல்லை தம்பி, ஓசோன். கண்ணுக்குத் தெரியாது. வண்டி கக்கும் நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல், பெயின்ட் ஆவியும் வெயிலில் வெந்து உண்டாவது. நாம் காலையில் விட்டதெல்லாம் பகல் முழுக்கச் சமைந்து, பிற்பகலிலிருந்து சாயங்காலத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகிறது. உன் பளிச் வானம்தான் அதற்கு அடுப்பு. சுற்றி மலை வேறு, கெட்ட காற்றை எளிதில் வெளியே விடாது. ஹபூப் என்ற புழுதிப் புயல் வந்தால் மட்டும் வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே ஓடுகிறோம், புழுதி கண்ணுக்குத் தெரிகிறதே!

‘ஓசோன் நல்லதுதானே, பள்ளியில் படித்தோமே’ என்பீர்கள். அது பல கிலோமீட்டர் உயரத்தில். மூக்குக்குள் இல்லை.

போன ஜூனில் கீப்பிங் செய்துகொண்டிருந்த என் சின்னவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் முழங்காலில் கை ஊன்றி நின்றுவிட்டான். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குக் கீழே குழி விழுந்தது. காரில் கிடந்த இன்ஹேலரைத் தொட முடியாத சூடு. துப்பட்டாவில் சுற்றித்தான் பிடித்தேன். அதைக் காரில் விட்டது என் தப்புதான், நீங்கள் சொல்லும் முன்னே சொல்லிவிடுகிறேன்.

மாஸ்க் போட்டு அனுப்பலாமாம். என்95 தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கலிபோர்னியாக் காற்று, காட்டுத்தீ, நாம் என்ன செய்ய என்கிறார் ஒருவர். சரி, அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. நான் காற்றையா நிறுத்தச் சொன்னேன்? நேரத்தை மாற்றச் சொன்னேன். நீயும் தினம் கார்தானே ஓட்டுகிறாய்? ஓட்டுகிறேன். பஸ்ஸை நம்பி இந்த ஊரில் பிழைக்க முடியுமா? ஆனால் அதன் ஆவி வெயிலில் வேகக் கூடாதென்று பெட்ரோலை இருட்டிய பிறகுதான் போடுகிறேன். அடுத்த கேள்வி.

ஓசோனுக்கு எட்டு மணிநேரச் சராசரி 70 பிபிபி (நூறு கோடிப் பங்கு காற்றில் 70 பங்கு) என்ற வரம்பு 2015-இல் அமெரிக்க அரசு வைத்தது, நான் வாட்ஸப்பில் வைத்ததல்ல. காற்றுத் தரத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் ‘சென்சிட்டிவ்’, அதாவது எளிதில் பாதிக்கப்படும் ஆட்களுக்கு மட்டும்தானாம். அந்த ஆள் என் வீட்டில் இருக்கிறான்.

“சென்னைப் புகையில வளர்ந்தவங்கதானே நாம?” ஆமாம். வடசென்னையில் என் அப்பாவும் இருமிக்கொண்டேதான் “பழகிடும்மா” என்பார். பழகவில்லை.

ஆறு மணிக்கு எழுந்திருக்க முடியாதாம்! தீபாவளிக்கு நாலு மணிக்கே எண்ணெய் வழிய போட்டோ போட்ட ஆட்கள்.

அதை விடுங்கள். அந்த இருபது சிரிப்பில் ஒன்று, அன்று மைதானத்தில் என் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தவள் போட்டது. காலையிலிருந்து அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.