401(கே) சோதனையில் தோற்ற நிறுவனம் போடும் பணம்: உண்மை என்ன?

அமெரிக்காவின் 401(கே) ஓய்வூதியத் திட்டம் பாகுபாடின்மைச் சோதனையில் (அதிக ஊதியக்காரர்களின் சராசரிச் சேமிப்பு மற்ற ஊழியர்களுடையதைவிட வரம்பு மீறி உயர்ந்துள்ளதா என்று பார்ப்பது) தோற்றால், நிறுவனம் விரும்பிய சிலரின் கணக்கில் மட்டும் சிறு தொகையைச் செலுத்திச் சரிசெய்யலாம் என்றும், அவர்கள் சீக்கிரம் விலகினால் அதைத் திரும்பப் பெறலாம் என்றும் ஒரு தகவல் பரவுகிறது. திரும்பப் பெறலாம் என்பது தவறு; சிலருக்கு மட்டும் செலுத்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

அதிக ஊதியக்காரர்களின் சராசரிச் சேமிப்பு 7 சதவீதமாகவும் மற்றவர்களின் சராசரி 4 சதவீதமாகவும் இருந்தால், விதி அனுமதிக்கும் உச்சம் 6 சதவீதமே (இங்கே மற்றவர்களின் சராசரியைவிட 2 புள்ளி கூடுதல்). ஆகவே திட்டம் தோற்கிறது. நடப்பாண்டு முறையில், அதாவது இரு தரப்பின் அதே ஆண்டுச் சராசரிகளை ஒப்பிட்டுச் சோதிக்கும் நிறுவனம், மற்ற ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஊதியத்தில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து செலுத்தினால், அவர்களின் சராசரி 5 ஆகி, 7 சதவீதம் ஏற்கப்படும். அத்தொகை கணக்கில் சேர்ந்த கணமே ஊழியருக்கு முழு உரிமையாகிறது. மறுநாளே விலகினாலும் நிறுவனம் அதைத் தொட முடியாது. எளிய ஊழியர்களுக்கான இந்தப் பாதுகாப்பைத்தான் வதந்தி மறைக்கிறது.

குறைந்த ஊதியம் பெறும் ஓரிருவருக்குப் பெருந்தொகை ஒதுக்கிச் சராசரியைச் செயற்கையாக உயர்த்தும் வழியையும் விதிகள் பெரிதும் கட்டுப்படுத்தியுள்ளன. நிறுவனம் இந்தச் சரிசெய்யும் தொகையைத் திட்ட ஆண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் செலுத்த வேண்டும். அதிக ஊதியக்காரர்களின் மிகைத்தொகையைத் திருப்பித் தருவதும் செல்லுபடியாகும் மாற்றுவழியே.