பட்டியல் மட்டும் போதாது

மருத்துவமனைப் பாதுகாப்பு பற்றி வெளிவந்த கட்டுரையில், விமானிகள் பறக்கும் முன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியலை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்ததாலேயே உயிரிழப்புகள் குறைந்தன என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதி உண்மை என்றே கருதுகிறேன். 1977-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறப்பதற்குச் சற்று முன்பு, எதிர் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று, புறப்படவிருந்த விமானத்தின் விமானி அறையில் இருந்த பொறியாளர் கேட்கத்தான் செய்தார். தலைமை விமானி அழுத்தமாக மறுமொழி சொன்னதும் அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இதிலிருந்து விமானத் துறை கற்றது பட்டியலை அல்ல (அது 1930-களிலேயே வந்துவிட்டது). இளையவர் தயங்காமல் சொல்லவும் மூத்தவர் காதுகொடுக்கவும் வேண்டிய பயிற்சியை.

உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலைப் புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், பட்டியல் நடைமுறைக்கு வந்த பின்பும் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இதைக் கட்டுரை தொடவே இல்லை. கட்டங்களில் டிக் அடிப்பது வேறு, அறுவைக்கு முன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்வதன் மூலம் செவிலியருக்கும் அங்கே குரல் உண்டு என்று உணர்த்துவது வேறு.

குழுக்கள் செயல்படும் விதத்தை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களிலேயே மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே மறைக்க வேண்டிய அச்சம் இல்லை என்பதே அவர் தந்த விளக்கம். பிழை எண்ணிக்கையை வைத்தே மருத்துவமனைகளைத் தரவரிசைப்படுத்தலாம் என்ற கட்டுரையாளரின் யோசனை, இத்தகைய குழுக்களைத்தான் முதலில் தண்டிக்கும்.