2001-ஓடு கிறிஸ் மோரிஸ் கதை முடியவில்லை

கிறிஸ் மோரிஸ் பிரிட்டிஷ் நையாண்டிக் கலைஞர்; ‘பிராஸ் ஐ’ அவர் சேனல் 4-இல் நடத்திய கேலிச் செய்தித் தொடர். ‘பிராஸ் ஐ 2001 சிறப்பு நிகழ்ச்சிக்குப் பிறகு கிறிஸ் மோரிஸை டிவியிலிருந்தே தடை செய்துவிட்டார்கள், ஆளே காணாமல் போனார்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புகார்கள் குவிந்தது உண்மைதான், அமைச்சர்களே திட்டினார்கள். ஆனால் தடை எதுவும் இல்லை. 2003-இல் அவர் இயக்கிய குறும்படம் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதை வாங்கியது. 2005-இல் அதே சேனல் 4 ‘நேதன் பார்லி’ தொடரை ஒளிபரப்பியது. 2010-இல் ‘ஃபோர் லயன்ஸ்’ படம் வந்தது.

அப்புறம், ‘கேக்’ என்ற போதைப்பொருளைத் தடை செய்யச் சொல்லி நாடாளுமன்றத்தில் மோரிஸே மனு கொடுத்தார் என்பதும் தவறு. அப்படியொரு போதைப்பொருளே கிடையாது. 1997 ‘பிராஸ் ஐ’ தொடருக்காக அவர் கட்டிவிட்ட கதை அது. டேவிட் அமெஸ் என்ற எம்.பி. அதை அப்படியே நம்பி, சாப்பாட்டுத் தட்டு மாதிரியான மஞ்சள் மாத்திரையைக் கையில் பிடித்தபடி கேமரா முன்னால் மக்களை எச்சரித்தார். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பியதும் அவர்தான். ‘இது இட்டுக்கட்டிய போதைப்பொருள்’ என்ற பொருள்படும் வார்த்தையை பேட்டி கொடுத்தவர்கள் வாயாலேயே சொல்ல வைத்ததுதான் எனக்குப் பிடித்த இடம்!