கிறிஸ்தவத்தில் மனிதன் பொம்மையா? உண்மை என்ன?

"எல்லாம் கடவுள் முன்பே எழுதியது, மனிதன் வெறும் பொம்மை; இதுதான் கிறிஸ்தவ போதனை" என்று ஒரு பதிவு பரவுகிறது. இது தவறு.

முன்குறித்தலை, அதாவது நடப்பதைக் கடவுள் முன்பே தீர்மானிப்பதை, மிக அழுத்திச் சொல்லும் 1646-ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையையே (இங்கிலாந்தில் எழுதப்பட்ட புராட்டஸ்டன்ட் கோட்பாட்டு ஆவணம்) பாருங்கள். நடப்பதெல்லாம் கடவுள் தீர்மானித்தது என்கிறது மூன்றாம் அதிகாரம். அதே வாக்கியத்திலேயே, இதனால் மனிதச் சித்தம் (விருப்பம்) வன்முறைக்கு, அதாவது கட்டாயத்துக்கு, உள்ளாவதில்லை என்றும் சேர்க்கிறது. பதிவில் இந்தப் பாதியைக் காணோம்! பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், 'எல்லாம் முன்பே எழுதியது' என்று இப்படி அரைகுறையாகச் சொல்வது எவ்வளவு கொடுமை.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் (உலக ஆயர்களின் பேரவை) 1965-இல், சுதந்திரமாகத் தெரிவு செய்வது மனித மாண்புக்கே அவசியம் என்றது. எதிர்காலம் முழுதாக முடிவாகவில்லை என்னும் 'திறந்த இறையியல்' தனிக்கதை. பலர் அதை ஏற்பதில்லை. கடவுள் உலகை நடத்தும் பராமரிப்பும் மனிதனின் சுதந்திரமும் எப்படிப் பொருந்தும் என்பதில்தான் இன்றும் விவாதம்.